டிசியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

ஐயா, பத்தாம் வகுப்பு முடித்த மகளைப் பிளஸ் ஒன்னுக்கு எங்கே சேர்ப்பது என்று கேட்டீர்கள். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் பாதி வருடம் கணக்குக்கு ஆளே இல்லை என்று உங்கள் மகளே சொன்னாள். அதற்காக, எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கலாம் என்ற மச்சான் பேச்சைக் கேட்டு, நகையை அடகு வைத்து மூன்று லட்சம் கட்டி, வெளியூர் தனியார் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பதா? கூடாது.

6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். கடைசி இரண்டு வருடம் தனியாருக்குப் போனால், இதுவரை படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் தரும் மாதம் 1,000 ரூபாயும் போச்சு.

எம்.பி.பி.எஸ். ஆசை யாருடையது? உங்கள் மகள் என்னிடம் நீட் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டி குறுக்கே மாட்டிக்கொண்ட ஆட்டுக்கு டாக்டர் கையை விட்டுத் திருப்பி எடுத்தபோது டார்ச் பிடித்தது தான்தான் என்று பத்து நிமிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்தீர்களா?

கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம், உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனி என ஏழு அரசுக் கல்லூரிகள். படித்து முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக அரசுக் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்குப் போகலாம், கோழிப் பண்ணைகளுக்குப் போகலாம், சொந்தமாகவும் பார்க்கலாம். 'மாட்டு டாக்டரா' என்று மச்சான் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இயற்பியலில் அவள் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

சரி, எந்தப் பள்ளி? பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நேரில் போங்கள். இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள் என்றால், அடுத்த அரசுப் பள்ளியைப் பாருங்கள். எந்த அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 பொருந்தும், பஸ் பாஸும் இலவசம். பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். அதுவரை அந்த விடுதிப் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.