வாசகர் கேள்வி – பதில்: மாதிரி விமானம், உருமறைப்பு நிறம், டெக்கல்

கேள்வி: 1/72 அளவு (உண்மையின் 72 இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர்விமான மாதிரி ஒன்றுக்குத் தமியா நிறங்களான எக்ஸ்எஃப்-81 பச்சையும் எக்ஸ்எஃப்-82 சாம்பலும் அடித்து, அடுத்த நாளே டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டினேன். காய்ந்ததும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளி பூத்ததுபோல மினுங்குகிறது. டெக்கல் பழுதா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: டெக்கலில் பழுதில்லை, அதற்கு அடியில் காற்று நிற்கிறது. எக்ஸ்எஃப் வரிசை எல்லாம் மட் நிறங்கள், மினுக்கம் இல்லாதவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு கடற்கரை மணல்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். டெக்கல் தாள் மேடுகளில் மட்டும் தொட்டு நிற்கும். பள்ளங்களில் அடைபட்ட காற்றில் வெளிச்சம் பட்டுத்தான் அந்த வெள்ளி மினுக்கம் வருகிறது.

ஆகவே டெக்கலுக்கு முன்னர் பளபளப்புப் பூச்சு கட்டாயம். எக்ஸ்-22 கிளியரை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்து, 48 மணித்தியாலம் விடுங்கள். மாரியில் இன்னும் ஒரு நாள் கூட விட்டாலும் நட்டமில்லை. பிறகு டெக்கலை வெட்டி 10–15 விநாடி தண்ணீரில் நனைத்து, எடுத்து ஒரு நிமிடம் ரிஷூவின் மேல் வையுங்கள். தானாக வழுக்கினால்தான் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டெக்கல் நன்றாகப் பிடிக்க உதவும் திரவம்) தடவி, டெக்கலை வைத்து, ஈரத் தூரிகையால் இடம் சரிபார்த்து, பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். அதன்பின் டெக்கலை இளக்கும் மைக்ரோ சோல் திரவம். அது பட்டதும் டெக்கல் சுருங்கி நெளியும். பயந்து விரல் வைத்தால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் காயக் காயத் தானே இழுபட்டு, பலகைக் கோடுகளுக்குள் (தகடுகள் சந்திக்கும் பள்ளங்களுக்குள்) இறங்கும்.

இப்போது வெள்ளி பூத்திருப்பதையும் காப்பாற்றலாம். மெல்லிய ஊசியால் மினுங்கும் இடங்களில் குத்தி மைக்ரோ சோல் தடவுங்கள். காய்ந்த பிறகு திரும்பவும். மூன்று நான்கு முறை செய்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கடைசியாக எக்ஸ்எஃப்-86 மட் கிளியர் அடித்தால் எல்லாம் ஒரே தோற்றத்துக்கு வரும்.

கேள்வி: மைக்ரோ செட் கிடைக்கவில்லை. விநாகிரி பாவிக்கலாமா? டெக்கலைச் சுற்றி வெள்ளைக் கறையும் படிகிறது.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பாவிக்கலாம். நிறமற்ற விநாகிரி ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. தென்னை விநாகிரி வேண்டாம், அதன் நிறம் தங்கிவிடும். மைக்ரோ சோலின் வேலையை விநாகிரி செய்யாது, அதை வாங்கித்தான் ஆகவேண்டும். வெள்ளைக் கறை உங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் ஒரு போத்தல் மாதக்கணக்கில் வரும். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாமல் லேபலைப் பாருங்கள்.

கேள்வி: பச்சையும் மண் நிறமும் சந்திக்கும் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும்? டேப் ஒட்டினால் கத்தி வெட்டியதுபோல வருகிறது, கையால் அடித்தால் புகை மாதிரி பரவுகிறது.
– வாசகர், கல்முனை

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மை விமானத்தில் ஓரம் ஒரு அங்குலம் கலந்திருந்தால், 1/72 இல் அது 0.35 மில்லிமீற்றர், பென்சில் கோட்டளவு. புகைபோலப் பரவிய ஓரம் விமானத்தைப் பொம்மையாக்கிவிடும்.

எங்கள் பரிந்துரை, தூக்கி வைத்த கடதாசி மறைப்பு. முதலில் வெளிர் நிறத்தை முழுக்க அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பெட்டியில் வரும் நிறப் படத்தைப் போட்டோக் கொப்பியில் பெருப்பிக்க வேண்டும். உதாரணமாக, ஹரிக்கேன் போர்விமானத்தின் சிறகு நீளம் 12.19 மீற்றர், 1/72 இல் 169 மில்லிமீற்றர். படத்தில் சிறகு 85 மில்லிமீற்றர் என்றால் 199 சதவீதம். வெட்டிய கடதாசியின் அடியில், ஓரத்திலிருந்து 3 மில்லிமீற்றர் உள்ளே, சுருட்டிய டேப் துண்டுகளை வைத்து ஒரு மில்லிமீற்றர் உயர்த்தி ஒட்டுங்கள். எயார்பிரஷை (காற்றழுத்தத்தால் நிறம் தெளிக்கும் கருவி) நேர் செங்குத்தாகப் பிடித்து 10–12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடியுங்கள். சரித்துப் பிடித்தால் நிறம் கடதாசிக்கு அடியில் புகுந்து, ஒரு பக்க ஓரம் கூராகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும்.

புளூ டாக்கை (களிபோன்ற ஒட்டுப் பசை) கயிறாக உருட்டி வைப்பவர்களும் உண்டு, உடம்பின் வளைவுக்கு அது நல்லது. ஆனால் நமது வெக்கையில் இளகித் தொங்கி எண்ணெய்த் தடம் விடும். பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள், அடித்து முடிந்ததும் உடனே கழற்றுங்கள்.

கேள்வி: கச்சான் காலத்தில் எயார்பிரஷ் முனை அடைக்கிறது. மாரியில் லேக்கர் கிளியர் (கடும் தின்னரில் கரையும் நிறமற்ற பூச்சு) வெளுக்கிறது. எப்போதுதான் அடிப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் காற்றின் ஈரத்தால் வருகிறவை: கச்சானில் அது குறைவு, மாரியில் கூடுதல். கச்சானின் வறட்சியில் அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து, பிறகு துப்பல் துப்பலாகத் தெறிக்கும். நிறத்துக்குச் சமமாகத் தின்னர் கலந்து, காய்வதைத் தாமதமாக்கும் தமியா ரிடாடர் சேருங்கள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தின்னர் நனைத்த தூரிகையால் அடிக்கடி முனையைத் துடையுங்கள். காற்றுக் கிளம்ப முந்தி, விடியலில் வேலையை முடிப்பது உத்தமம்.

மாரியில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அதில் ஈரம் படிந்து பூச்சுக்குள் அடைபடுகிறது, அதுதான் வெளுப்பு. வெயில் வந்த நாளில் மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் புகைபோல மெல்லிசாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். கொம்பிரசரின் ஈரப்பொறியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் வடித்துவிடுங்கள். எந்தக் காலமென்றாலும் சாளரம் திறந்திருக்க வேண்டும். லேக்கருக்குச் சாதாரணத் துணி முகமூடி போதாது, இரசாயன ஆவி வடிகட்டி உள்ளது வேண்டும்.

கேள்வி: 1942 ஏப்ரல் 9 இல், மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கிய நாளில், திருகோணமலை சீனன்குடாவிலிருந்து பறந்த ஹரிக்கேன் செய்ய ஆசை. பெட்டியில் நீலமும் இளநீலமுமான வட்டச் சின்னம் இருக்கிறது. அது சரியா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: சரியில்லை. அந்த இருநீல வட்டம் 1943 இல் வந்தது. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாதிருக்கவே பிரித்தானியர் சிவப்பை எடுத்தார்கள். 1942 ஏப்ரலில் சிவப்பு இன்னும் இருந்தது: மேற்சிறகில் சிவப்பும் நீலமும் மட்டும், உடம்பின் பக்கத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், வெளியே தடித்த மஞ்சள்.

வேறு டெக்கல் தாள் வாங்கும்போது வால் செட்டையின் (செங்குத்து வாலின்) சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளை அளந்து பாருங்கள். மூன்று பட்டையும் சம அகலம், 1/72 இல் ஒவ்வொன்றும் சுமார் 2.8 மில்லிமீற்றர் என்றால் உங்கள் காலத்துக்குப் பொருந்தும். நடு வெள்ளை 0.7 மில்லிமீற்றர் நூலாக இருந்தால் அது 1942 மே மாதத்துக்குப் பிந்திய சின்னம், அந்தத் தாளை விட்டுவிடுங்கள். ஒட்டும்போது சிவப்புப் பட்டை மூக்குப் பக்கம், வாலின் இரு புறமும் அப்படியே.