மகளிர் நலம்: மாதவிடாய் வலிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஓராண்டு வலி என்று சொன்னதே இல்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள், வாந்தியும் வருகிறது, பள்ளிக்குப் போக முடிவதில்லை. மாத்திரை கொடுத்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். வீட்டிலேயே வலியைக் குறைக்க வழி உண்டா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: முதல் ஓராண்டு வலியில்லாமல் இருந்து பிறகு தொடங்கியது என்று நீங்கள் குறித்திருப்பது பயனுள்ள தகவல். வயதுக்கு வந்த புதிதில் பல மாதங்களில் சினைமுட்டை வெளிவராமலேயே உதிரப்போக்கு நிகழும். அந்த மாதங்களில் வலி பெரும்பாலும் இருக்காது. முட்டை வெளிவருவது சீரான பின்னர், ஒவ்வொரு மாதவிடாயின் தொடக்கத்திலும் கருப்பையின் உட்சவ்விலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக வெளிப்படுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுகிய தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் அடிவயிறும் இடுப்பும், சில வேளைகளில் தொடை வரையிலும், கடுக்கின்றன. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகின்றன. உதிரப்போக்குக்குச் சற்று முன்னரோ அதனுடனேயோ ஆரம்பித்து, மூன்று நாள்களுக்குள் அடங்கிவிடும் வலி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. நோய் எதுவும் இல்லாமலே வருவது என்றாலும், பள்ளிக்குப் போக முடியாத அளவு வலியை ஒரு சிறுமி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க இயலாது.

வீட்டு வைத்தியத்தில் நான் முதலிடம் தருவது ஒத்தடத்துக்கு. சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடிவயிற்றில் நீடித்து வைத்திருந்தால் வலி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரப்பர் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாமல், கை பொறுக்கும் சூட்டில் முக்கால் பங்கு நிரப்பி, துணி சுற்றி, இருபது நிமிடம் வரை அடிவயிற்றிலோ இடுப்பிலோ வைத்து, சற்று இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். பை இல்லாத வீட்டில், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துண்டோ, வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்த முடிப்போ போதும். ஆனால் வறுத்த முடிப்பு எதிர்பாராத அளவு சுடும் என்பதால், முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டே மகளுக்குக் கொடுங்கள். சித்திரை வெயிலில் ஒத்தடம் கொடுத்தால் உடம்புச் சூடு ஏறி உதிரப்போக்கு பெருகிவிடும் என்று நம் பக்கத்தில் அஞ்சுவார்கள். அந்த அச்சம் தேவையில்லை.

மாத்திரையைப் பற்றி உங்கள் மாமியாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகிய வலி மாத்திரைகள் செயல்படுவதும் இவ்வாறே. மாதத்தில் இரண்டு மூன்று நாள்கள் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்ளும்போது இவை கருப்பையைக் கெடுப்பதில்லை; பின்னாளில் குழந்தைப்பேற்றைத் தடுப்பதும் இல்லை. பலர் தவறவிடுவது நேரத்தைத்தான். ஏற்கெனவே உருவாகிவிட்ட புராஸ்டாகிளாண்டினை இம்மருந்துகளால் அகற்ற முடியாது. புதிதாக உருவாவதை மட்டுமே தடுக்க முடியும். ஆகவே வலி முற்றிய பிறகு கொடுக்கும் மாத்திரையைவிட, உதிரம் கண்டவுடனோ வலியின் முதல் அறிகுறியிலோ கொடுப்பது மிகுந்த பலன் தரும். வாந்தி தொடங்குமுன் இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்துவிட்டுக் கொடுங்கள். வெறும் வயிற்றில் கூடாது.

ஆனாலும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மகளின் எடைக்கும் வயதுக்கும் உரிய அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றுள் எது இருந்தாலும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போது, குறிப்பாக டெங்கு பரவும் மழைக்காலத்தில், இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். மெஃபனமிக் அமிலத்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்தது. மாத்திரை எடுத்த நாள்களிலோ அடுத்து வரும் வாரங்களிலோ தோலில் தடிப்பும் காய்ச்சலும் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சுக்கு, இஞ்சி ஆகியவற்றால் வலி ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன; சுக்குக் கசாயத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். உளுந்தங்களி நல்ல உணவு. அன்றைய வலியை அது நிறுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மற்ற நாள்களில் விளையாட்டோ விரைந்த நடையோ வாரத்தில் மூன்று நாளாவது இருந்தால் வரும் மாதங்களில் வலியின் கடுமை தணியும்.

கேள்வி: பேரையூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாதவிடாய் நாள்களில் பெண்கள் வீட்டை விட்டு விலகி, அதற்கென உள்ள முட்டுவீட்டில் தங்குவது வழக்கம். நான் கல்லூரியில் படிக்கிறேன். அங்கே வலி வந்தால் யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குளிக்கலாமா, நடக்கலாமா?
– ஒரு மாணவி

பதில்: தாராளமாகக் குளிக்கலாம், வெதுவெதுப்பான நீர் வலிக்கும் இதமானது. தலைக்கு ஊற்றிக்கொள்வதாலும் எந்தக் கெடுதலும் இல்லை. உடல் இடங்கொடுக்கும் அளவுக்கு நடக்கலாம். இந்த வழக்கம் மறைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது மறையும் நாள்வரை வலியோடு நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒத்தடப் பை, வெந்நீர் வைத்துக்கொள்ள ஃபிளாஸ்க், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை, சாப்பிட ஏதேனும் ஒன்று ஆகியவற்றைத் தனிப் பையில் எப்போதும் ஆயத்தமாக வையுங்கள். அங்கே உங்களோடு தங்கும் அக்காமாரும் இதே வலியை அறிந்தவர்கள்தாம். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற அரசு எண்ணை அங்கிருந்தே அழைக்கலாம்.

கேள்வி: எனக்கு 36 வயது, இரண்டு குழந்தைகள். இதுவரை இல்லாத வலி ஓராண்டாக வருகிறது. கட்டி கட்டியாக உதிரமும் போகிறது. கசாயம் குடித்துச் சமாளிக்கிறேன். தொடரலாமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலிக்குப் பின்னால் கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமையோசிஸ் (அத்திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), கிருமித் தொற்று ஆகியவற்றுள் ஒன்று இருக்கக்கூடும். மாதத்துக்கு மாதம் வலி கூடுவது, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் வலிப்பது, தாம்பத்திய உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ நோவது, காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் எந்த வயதிலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, நாள் தள்ளிப்போன நிலையில் ஒரு பக்க அடிவயிற்றில் கடுமையாக வலித்து மயக்கம் வந்தாலோ, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இரண்டாவது நிலை, கரு கருப்பைக்கு வெளியே தங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

மேலூரிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவிலோ இந்த வாரமே காட்டுங்கள். ஸ்கேனும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கும் சோதனையும் தேவைப்படும். கடந்த சில மாதங்களின் மாதவிடாய்த் தேதிகள், வலி நீடித்த நாள்கள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில், அந்த ஒரு தாளே மருத்துவருக்கு உங்கள் நிலையை விரைவில் புரியவைக்கும்.