பதினெட்டுப் பேரும் காலில் நிற்கணும்: வரும் கால்பந்து சீசன் பற்றிய உங்கள் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரைப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். கால்பந்து அணியும் என் பொறுப்புதான். ஜூனில் கல்லூரி திறந்ததும் வேலை ஆரம்பம். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குத் தயாராகணும். மாணவர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், இந்த வருஷம் டீம் எப்படி? போன வருஷம் மாதிரி முதல் ரவுண்டிலேயே திரும்பிடுவோமா? (பழைய மாணவர், காட்பாடி)

போன வருஷம் நம்ம பசங்களுக்கு ஆட்டத்தில் குறை இல்லை தம்பி, ஆள்தான் இல்லை. பின்வரிசையில் தடுக்கும் இரண்டு பேக்குக்கு ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) பிடித்துக்கொண்டது, கோல் காக்கும் கோலிக்கு அன்றைக்கே அரியர் பரீட்சை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் இறக்க யாரும் இல்லை.

நம்மோடு மோதுகிற பழைய கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள். வேலூர் ஊரிசு 1898இல் தொடங்கியது, வாணியம்பாடி இஸ்லாமியா 1919இல், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இல். பழைய இடங்களுக்கு மைதானமும் பழைய மாணவர் பலமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. தூய நெஞ்சக் கல்லூரி போல சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை நடத்தும் இடங்களில் மாலையானால் பந்து உருள்வது வழக்கம். நமக்கு இருப்பது பதினெட்டுப் பையன்கள். நடுத் தடுப்பில் நிற்கும் ஸ்டாப்பர் இரண்டு பேரும் மூன்றாம் ஆண்டு, நடுவில் ஆடும் மூன்று பேரும் பழகியவர்கள். இடது விங்கில், அதாவது இடது ஓரத்தில், ஆட ஆள் தேடுகிறேன், முன்வரிசை முழுக்கப் புதுசு. போட்டியன்று இந்தப் பதினெட்டுப் பேரும் காலில் நின்றால், கையில் சான்றிதழ் பேப்பரும் சரியாக இருந்தால், இந்த அணி அரையிறுதிக்குப் போகும். மனசாரச் சொல்கிறேன்.

ஸ்கூல் டீமில் ஆடியிருக்கேன் சார். பி.காம். சேர்ந்திருக்கேன். செலக்‌ஷனில் என்ன பார்ப்பீங்க? என்கிட்ட நீள ஸ்டட்ஸ் வச்ச பூட்தான் இருக்கு. (குடியாத்தம்)

முதலாண்டு வகுப்பு தொடங்கிய முதல் வாரமே செலக்‌ஷன், காலை 6 மணிக்கு. எத்தனை கோல் அடிக்கிறாய் என்று எண்ண மாட்டேன். பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி நீ என்ன செய்கிறாய் என்று பார்ப்பேன். நின்று தலையில் கை வைக்கிறாயா, திரும்பி ஓடுகிறாயா? அப்புறம், நம்ம கிரவுண்டு காய்ந்த செம்மண், பந்து எகிறும். எகிறி வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்கத் தெரிகிறதா என்பது எனக்கு முக்கியம்.

அந்த பூட்டை மழைக்காலத்துக்கு எடுத்து வை. பூட்டின் அடியில் இருக்கும் நீள ஸ்டட்ஸ் (குமிழ்) கெட்டி மண்ணில் இறங்காது. பாரம் முழுக்க நாலைந்து புள்ளியில் நின்று குதிகாலும் பாதமும் வலிக்கும். பிளேடு மாதிரி ஸ்டட்ஸ் இன்னும் மோசம். கால் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முட்டி போகும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ வாங்கு, விலை குறைந்ததே போதும். கணைக்காலுக்குக் கட்டும் ஷின் கார்டு கட்டாயம். அது இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார், நானும் விடமாட்டேன்.

ஞாயித்துக்கிழமை செவன்ஸ் டோர்னமென்ட் ஆடப் போறேன் சார். ஜெயிச்சா கையில் கொஞ்சம் காசு வரும். இதுக்காக டீமை விட்டு எடுத்துடுவீங்களா? (இரண்டாம் ஆண்டு, ஆற்காடு)

எடுக்க மாட்டேன். அந்தக் காசு வீட்டுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஏழு பேர் ஆடும் செவன்ஸை மட்டமாகவும் நினைக்கவில்லை. நெருக்கடியான இடத்தில் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ள நம்ம ஊர்ப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த ஆட்டம்தான்.

ஆனால் அது உன் காலிலிருந்து எடுத்துக்கொள்வதையும் கணக்குப் போடு. ஒரே நாளில் மூன்று மேட்ச், உச்சி வெயில், கல் துருத்தும் மண்ணில் சறுக்கு. கடுமையான ஆட்டத்துக்குப் பிறகு தசை பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் வேண்டும். திங்கட்கிழமை நீ பயிற்சிக்கு வரும்போது உன்னிடம் மிச்சம் இருப்பது பாதிக் கால். அந்தப் பாதிக் காலோடு ஸ்பிரின்ட் போடும்போதுதான் ஹாம்ஸ்ட்ரிங் கிழிகிறது. பல செவன்ஸில் ஆஃப்சைடும் (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது. பழகிப்போனால் பெரிய மைதானத்தில் கொடி தூக்கித் தூக்கி லைன்ஸ்மேனுக்குக் கை வலிக்கும்.

நம் ஏற்பாடு இதுதான். மே மாதம் முழுக்க ஆடு. கல்லூரி திறந்ததும் போகும் முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுப் போ. பல்கலைக்கழகப் போட்டிக்கு நான்கு வாரம் இருக்கையில் செவன்ஸ் கிடையாது. அடி பட்டால் மறைக்காதே. மறைத்த வீக்கத்தை என்னால் சரிசெய்ய முடியாது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு காலேஜ் வரேன் சார். காலையில் பிராக்டீஸ் முடியலை.

ஷிஃப்ட் முடித்த காலையில் வராதே தம்பி. தூங்கு. உனக்கு வாரம் இரண்டு மாலை, ஒரு சனிக்கிழமை காலை போதும். தூங்காத உடம்போடு ஓடினால் முதலில் அடிபடப் போவது நீதான். உன் இடம் இருக்கிறது.

சார், பையன் பிராக்டீஸ் முடிஞ்சு வந்தா தலைவலின்னு படுத்துடறான். நம்ம வேலூர் வெயிலில் இந்த விளையாட்டு தேவையான்னு பயமா இருக்கு. (ஒரு தாயார், ராணிப்பேட்டை)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. அதனால்தான் எங்கள் பயிற்சி காலை 6 மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிகிறது. புதிதாக வரும் பையனுக்கு முதல் பத்து நாள் பாதி வேலைதான் கொடுப்பேன். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழில் உப்பு போட்டு மோர் விட்டுக் கொடுத்தாலே போதும், கூட ஒரு பிடி வேர்க்கடலை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, உப்பு சேர்ந்ததாக உள்ளே போகணும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் பற்றவில்லை. இதெல்லாம் செய்தும் தலைவலி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை அனுப்ப வேண்டாம்.

போட்டியில் வெயில் கடுமையாக இருந்தால் கூலிங் பிரேக் கொடுக்க விதியிலேயே இடம் உண்டு, ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை. ஆட்டத்துக்கு முன்னாலேயே நான் ரெஃப்ரியிடம் பேசிவிடுவேன். ஒரு பையன் வெயிலில் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ 108க்கு ஒருவர் போன் போடணும், மற்றவர்கள் அந்த நிமிடமே நிழலில் கிடத்தி ஐஸ் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றணும். வண்டி வரும் வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆடியிலிருந்து வரும் சாயங்கால மழையில் இடி கேட்டால் மைதானம் காலி. கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்குவோம்.

வார்ம் அப்புன்னு அரை மணி நேரம் ஏன் சார்? ரெண்டு ரவுண்டு ஓடினா பத்தாதா? (முதலாண்டு, பேர்ணாம்பட்டு)

பத்தாது. ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய 11 பிளஸ் என்ற வார்ம் அப்பைத்தான் நாம் செய்கிறோம். மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்காவது குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. காசு செலவே இல்லாமல் ஒரு சின்னக் கல்லூரிக்குக் கிடைக்கிற பெரிய உதவி இது.

அதில் நீங்கள் எல்லோரும் ஏமாற்றுவது ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியில். மடித்த சாக்கின் மேல் முட்டி போடு. கூட்டாளி பின்னால் உட்கார்ந்து உன் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கணும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய். இடுப்பை மடக்கினால் அது கணக்கில்லை. தொடைப் பின்பக்கம் நடுங்கும், நடுங்கட்டும். தாங்க முடியாதபோது இரு கையையும் ஊன்றிக்கொள். ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து தடவை போதும். மறுநாள் வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

மீதி பத்து நிமிடம் எதற்கு என்றால், எல்லோரும் வரிசையாக நின்று மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை குனிந்து நடக்கிறோமே, அதற்கு. கண்ணாடிச் சில்லு, கல், நெருஞ்சி முள் எல்லாம் அப்போதுதான் கிடைக்கிறது. அதை விடவே மாட்டேன்.

டிவியில் எல்லாரும் 4-3-3 ஆடறாங்க. நாம மட்டும் ஏன் சார் 4-4-2? (மூன்றாம் ஆண்டு, அணைக்கட்டு)

4-4-2 என்றால் பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர். 4-3-3க்கு இரண்டு விங்கும் ஆட்டம் முழுக்க மேலும் கீழும் ஓடணும். அவர்களிடம் மாற்று ஆள் வரிசையில் நிற்கிறார்கள், நம்மிடம் இடது விங்குக்கே ஆள் இல்லை என்று மேலே சொன்னேன். நாலு பேர் நடுவில் நின்றால் ஒருவன் சோர்ந்தாலும் பக்கத்தில் இருப்பவன் மூடிக்கொள்வான்.

இன்னொரு காரணம் மைதானம். விதிப்படி அகலம் 45 மீட்டரும் இருக்கலாம், 90 மீட்டரும் இருக்கலாம். நம் கிரவுண்டு குறுகல். அகலமான இடத்தில் ஆடப் போனால் நம் நாலு பேக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுபடுகிறார்கள். அதற்காகத்தான் இடுப்பில் கயிறு கட்டி நாலு பேரையும் நடக்க விடுகிறேன். பந்து வலப்பக்கம் போனால் நாலு பேரும் சேர்ந்து வலப்பக்கம் நகரணும். கயிறு இறுகினால் எவனோ தூங்குகிறான் என்று அர்த்தம். ஜூலை முழுக்கக் கயிறோடு, நடையில்தான். ஆகஸ்டில் அவிழ்த்துவிடுவோம்.

கோலிக்குப் புது ரூல் வந்திருக்காமே? (வாலாஜா)

ஆமாம், 2025 ஜூலையிலிருந்து. கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். கடைசி 5 நொடியை ரெஃப்ரி கை தூக்கி எண்ணிக் காட்டுவார், அதைப் பார். டை பிரேக்கரில் (ஆட்டம் சமமாக முடிந்தால் அடிக்கும் பெனால்டி) எதிராளி உதைக்கும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்கணும். நாக் அவுட் போட்டி என்பதால் டை பிரேக்கரைப் பயிற்சியின் கடைசியில், கால் ஓய்ந்திருக்கும்போது அடிக்க வைக்கிறேன். இந்த வருஷம் இரண்டு கோலி தயார் செய்கிறேன். இரண்டாவது கோலிக்கும் பயிற்சி ஆட்டங்களில் ஒரு பாதி உண்டு.

பொண்ணுங்களுக்கு டீம் உண்டா சார்? (முதலாண்டு, ஆரணி)

இந்த வருஷம் ஆரம்பிக்கிறோம் அம்மா. பெயர் கொடுத்தவர்களை வைத்து முதலில் ஏழு பேர் ஆட்டம், பதினாறு பேர் சேர்ந்ததும் முழு அணி. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராக வேலை பார்த்தவர். மதுரை சேது எஃப்.சி. 2018-19 சீசனில் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து யாரும் வரக்கூடாது என்று சட்டமா? பெண்களுக்கு முட்டித் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் 11 பிளஸ் உங்களுக்கு இன்னும் முக்கியம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இருக்கப் பழக்குவேன்.

ஓ.டி. கிடைக்குமா? (பலர்)

ஓ.டி. என்றால் ஆடப் போன நாளையும் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கில் வைப்பது. போட்டி நாட்களுக்குக் கிடைக்கும், பயிற்சிக்குக் கிடையாது. 75 சதவீத வருகையில் கை வைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், ஐடி கார்டு, போட்டோ எல்லாம் ஜூலைக்குள் என் மேஜைக்கு வரணும். பிறந்த தேதியும் பெயரின் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போட்டியன்று காலையில் இதில் சிக்கிக்கொள்கிற பையன், காயம்பட்ட பையனைவிட அதிகமாக அழுகிறான். அரியர் இருப்பவர்கள் பரீட்சைத் தேதி வந்த அன்றே எனக்குச் சொல்லணும்.

இதை ஆடி என்ன வேலை கிடைக்கும்? (ஒரு தந்தை, திருப்பத்தூர்)

ஐயா, கல்லூரி அணியில் ஆடியதற்கு மட்டும் வேலை கிடைக்காது. இந்தப் போட்டியில் நன்றாக ஆடுபவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணி அமைகிறது. அது தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே முதல் நான்கு இடம் பிடிப்பவை அகில இந்தியப் போட்டிக்கு. கேரள அணிகளோடு மோதணும், சுலபமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டாலே மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் படிவம் 3 என்ற சான்றிதழ் வாங்க வழி உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. எந்தப் போட்டி, எந்த இடம் என்பதை அந்தந்த அறிவிப்பில் வரி விடாமல் படியுங்கள். அணிக்குப் போகாதவனும் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்து ஆசிரியர் ஆகலாம், ரெஃப்ரி தேர்வு எழுதலாம். பாடத்தை விட்டுவிட்டு ஆடச் சொல்ல மாட்டேன்.

நாங்க பழைய டீம் பசங்க கொஞ்சம் பணம் சேர்த்திருக்கோம் சார். ஜெர்சி எடுத்துத் தரவா? (வேலூர்)

ஜெர்சி இருக்கிறது தம்பி. ஒரு நல்ல ஐஸ் பெட்டி, இரண்டு கோல் வலை, காற்றழுத்தம் காட்டும் மீட்டரோடு ஒரு பம்பு வாங்கிக்கொடுங்கள். பந்தில் 0.6லிருந்து 1.1 பார் வரை இருக்கணும், நாங்கள் இன்னும் கட்டை விரலால் அமுக்கித்தான் பார்க்கிறோம். இன்னொன்று கேட்கிறேன். இந்தப் பதினெட்டுப் பேருக்கு எதிரே நின்று ஆட ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மைதானத்துக்கு வாங்க, பூட்டோடு வாங்க.