மூன்று நிமிடத்தில் நூறு சுற்று: பழைய டர்ன்டேபிள் கேள்வி பதில்

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து ஒரு ஏஆர் எக்ஸ்ஏ டர்ன்டேபிள் (ரிக்கார்ட் பிளேயர்) கொண்டுவந்தார். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறேன். பாட்டெல்லாம் இழுத்துக்கொண்டு, குரல் கட்டியாகக் கேட்கிறது. பெல்ட் மாற்றியும் அதே கதை. மோட்டார் போய்விட்டதா சார்?

பதில்: மோட்டாரும் பாவம், பெல்ட்டும் பாவம். ஏஆர் கம்பெனியின் எட்கர் வில்சூர் 1961-ல் கொண்டுவந்த அந்த மாடலில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை முடிவு செய்வது கரன்ட்டின் ஹெர்ட்ஸ், அதாவது அது நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பது, வோல்ட் அல்ல. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது.

சந்தேகம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். தட்டின் விளிம்பில் சின்னக் காகிதம் ஒட்டி, ஒரு ரிக்கார்டின் மேல் முள்ளை வைத்து ஓடவிட்டு, 3 நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் சரியாக இருந்தால் 100 சுற்று வரும். உங்களுக்கு 83 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டார் முனையில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) மாட்ட வேண்டும். அது பழையதைவிட ஐந்தில் ஒரு பங்கு பருமனாக இருக்கும். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் தரும் தனி பவர் சப்ளை வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் இப்படி ஒரே சீராகக் குறையாது. தட்டு கிளம்பவே திணறும், எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறும்.

கேள்வி: இருபது வருடம் பரணில் கிடந்த செட். பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி, பொறுமை. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்றுவிடும். புல்லியில் கடைசிப் புள்ளி கறுப்பும் போக வேண்டும், ஏனென்றால் அங்கே மயிரிழை மேடு இருந்தாலும் பாட்டு ஆடும். புது பெல்ட் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். தடிமன் கூடினால் புல்லி பருத்த மாதிரிதான், வேகமும் கூடிவிடும். முகப்பவுடர் தூவினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

கேள்வி: தட்டு சுழலும் பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விட்டேன். தப்பா அண்ணா?

பதில்: தப்புதான்! மார்கழியில் புட்டியிலேயே உறையும் எண்ணெய் அது, நாளானால் பிசினாகும். தட்டைத் தூக்கி எடுத்து, தண்டையும் குழியையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அடியில் சின்ன இரும்புக் குண்டு தனியாக இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். அப்புறம் உங்கள் மாடலுக்குச் சொன்ன எண்ணெய் சில சொட்டு போதும். தண்டை விட்டதும் அது உள்ளே மெதுவாக இறங்கினால் பயப்பட வேண்டாம். அடியில் சிக்கிய காற்று வெளியேற நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். அழுத்தித் தள்ளாதீர்கள்.

கேள்வி: தோரன்ஸ் டிடி 160. தரையில் யாராவது நடந்தால் முள் துள்ளுகிறது. ஸ்பிரிங் மாற்றணுமா?

பதில்: முதலில் பயணத்துக்காக முடுக்கிய திருகுகள் இன்னும் இறுகியே இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் தட்டைத் தாங்கும் ஸ்பிரிங் மூன்றும் சும்மாதான் இருக்கும். அவற்றைத் தளர்த்திய பிறகு, பெட்டியை மட்டம் பார்த்து வைத்து, தட்டின் நடுவை லேசாக அழுத்தி விடுங்கள். நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பம்பரம் சாய்கிற மாதிரி பக்கவாட்டில் ஆடினால் அடியில் உள்ள நட்டுகளைத் திருகி மூன்றையும் சமன் செய்யணும். அதற்கும் அடங்காவிட்டால் டோன்ஆர்ம், அதாவது முள்ளைத் தாங்கும் கையின் ஒயரைப் பாருங்கள். யாரோ தடித்த ஒயர் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நான் திறந்த ஒன்றில் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன் இரண்டு வாரம் ஸ்பிரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: தாத்தாவின் 78 ரிக்கார்டுகளையும் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) அதே ஆல்கஹாலில் துடைக்கலாமா?

பதில்: ஐயோ, கூடாது. அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹாலில் அரக்கு கரையும். சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீர், லேபிள் நனையாமல், உடனே துடைத்துவிடுங்கள். எல்பி (33⅓ ரிக்கார்ட்) முள்ளையும் அவற்றில் வைக்காதீர்கள். பள்ளம் அகலம், அந்த முள் அடியில் போய் அழுக்கைத்தான் பாடும். 78-க்கென்று பருத்த முள் விற்கிறது.

கேள்வி: ஆம்ப்ளிபயரில் ஊஊ என்று சத்தம்.

பதில்: டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ஆம்ப்ளிபயரில் மாட்டினீர்களா?