பண்ணை நிலத்தில் மீனும் கரடியும்: பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கு குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பிளாக்ஃபுட் ஆற்றங்கரையில் வாழும் மாட்டுப் பண்ணையாளர்கள், எந்த அரசாணையும் கட்டாயப்படுத்தாத நிலையிலும், தங்கள் நிலத்தை மீன்களுக்கும் காட்டுயிர்களுக்கும் உகந்த வாழிடமாக வைத்திருக்க முன்வந்துள்ளனர். அது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நிலக் காப்பு அறக்கட்டளைகளின் பத்திரங்களோடு நெடுநாள் பழகிய உறுப்பினர் ஒருவர் தந்த பதில்கள் இவை.

கேள்வி: காட்டுயிர்களைக் காப்பதுதான் நோக்கம் என்றால், அரசே அந்த நிலங்களை விலைக்கு வாங்கிச் சரணாலயமாக அறிவித்துவிடலாமே? தனியாரிடம் ஏன் போய் நிற்க வேண்டும்?

பதில்: அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள உயர்ந்த மலைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அரசு வனம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் தண்ணீரும் புல்லும் உள்ள தாழ்நிலங்களையே தேர்ந்தெடுத்துக்கொண்டதால், ஆற்றங்கரையும் சதுப்பும் ஓடைகளும் தனியார் பட்டாவில் இருக்கின்றன. பனிக்காலத்தில் எல்க் மான்கள் இறங்கி வருவதும், குளிர்கால உறக்கம் கலைந்த கரடி பசும்புல் தேடி வருவதும் அந்தத் தாழ்நிலத்துக்குத்தான். அரசு எல்லாவற்றையும் வாங்கப் புறப்பட்டால் பணமும் போதாது. வேலியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் ஊரை விட்டுப் போய்விடும். எனவே நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, அதன் மீதுள்ள சில உரிமைகளை மட்டும் அவர் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் வழி வந்தது. இவ்வகை ஒப்பந்தங்களுக்கு இடமளிக்கும் சட்டம் மான்டானாவில் 1975இல் வந்தது. மறு ஆண்டே மாநிலத்தின் முதல் பத்திரம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் எழுதப்பட்டது. பண்ணையாளர்களும் அரசுத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கான 'பிளாக்ஃபுட் சேலஞ்ச்' என்ற அமைப்பு 1993இல் உருவானது.

கேள்வி: உரிமையாளர் எதில் கையெழுத்திடுகிறார்? நிலம் கைமாறிவிடுமா?

பதில்: கைமாறாது. 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' எனப்படும் பாதுகாப்புப் பாத்தியதைப் பத்திரத்தில், உரிமையாளர் தம் நிலத்தின் மீதுள்ள பல உரிமைகளில் சிலவற்றை மட்டும், குறிப்பாக நிலத்தைத் துண்டாக்கி மனை போட்டு விற்கும் உரிமையையும் சதுப்பை வடித்துத் தூர்க்கும் உரிமையையும், ஓர் அறக்கட்டளைக்கோ அரசுத் துறைக்கோ எழுதிக் கொடுத்துவிடுகிறார். மாடு மேய்ப்பதும், வைக்கோலுக்குப் புல் வளர்ப்பதும், வீட்டைப் பழுது பார்ப்பதும், நிலத்தை விற்பதும் அவர் உரிமையாகவே தொடரும். ஆயினும் பத்திரம் பதிவான நாளிலிருந்து அது நிலத்தின் மேல் ஏறிய நிரந்தர வில்லங்கம். பிள்ளையையும் பேரனையும், பின்னாளில் கிரயம் வாங்கும் அந்நியரையும் அது ஒரே மாதிரி கட்டுப்படுத்தும். 'தன்னார்வம்' என்பது கையெழுத்திடும் நிமிடம் வரைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசாமல் எவரும் கையெழுத்திட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்துக்கு முன்பே நிலத்தின் அன்றைய நிலையைப் படங்களோடும் வரைபடத்தோடும் பதிவு செய்து ஓர் அடிப்படை அறிக்கை தயாரிக்கப்படும். பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளையின் ஆள் நேரில் வந்து, அந்த அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பின்னாளில் வழக்கு என்று வந்தால் முதலில் மேசைக்கு வருவது இந்த அறிக்கைதான்.

கேள்வி: ஊரார் அந்த நிலத்தில் நுழைந்து மீன் பிடிக்கலாமா?

பதில்: பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, கூடாது. வாழிடக் காப்புக்கான பத்திரங்களில் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை.

கேள்வி: இதில் பண்ணையாளருக்கு என்ன கிடைக்கும்? நல்ல மனது மட்டும்தானா?

பதில்: மனை போடும் உரிமை போனதும் நிலத்தின் சந்தை மதிப்பு குறையும். பத்திரத்துக்கு முந்தைய மதிப்புக்கும் பிந்தைய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கொடையாகக் கொடுத்ததாகக் கூட்டாட்சி வருமான வரிச் சட்டம் கருதுகிறது. அந்தத் தொகையை ஆண்டு வருமானத்தில் 50 விழுக்காடு வரையிலும், வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து பெறுபவர் 100 விழுக்காடு வரையிலும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். நன்கொடையாகக் கொடுக்க வசதியில்லாதவரிடமிருந்து, கடலோர எண்ணெய் வருவாயில் இயங்கும் நிலம் மற்றும் நீர்க் காப்பு நிதியைக் கொண்டு அந்த உரிமையை விலைக்கு வாங்குவதும் உண்டு.

இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். முதலீட்டாளர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு நிலத்தை வாங்கி, அதன் மதிப்பைப் பல மடங்கு ஊதிக் காட்டி, போட்ட பணத்தைவிட அதிகமாக வரி தப்பிய வழக்குகள் ஏராளம். 2022 டிசம்பரில் வந்த திருத்தம், இத்தகைய கூட்டு நிறுவனங்கள் கோரும் வரிக் கழிவு முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டினால், சில விலக்குகள் நீங்கலாக, அதை ஏற்பதில்லை என்று ஆக்கியது. உண்மையான பண்ணையாளர்களின் பெயரும் இதனால் கெட்டது என்பது என் வருத்தம்.

கேள்வி: பத்திரம் எழுதினால் மனைப்பிரிவு வராது என்பது புரிகிறது. ஆனால் அதனால் மீன் எப்படிப் பெருகும்?

பதில்: பத்திரத்தால் மட்டும் பெருகாது, நல்ல கேள்வி. அங்குள்ள புல் ட்ரவுட் என்ற மீன், 1998இல் கொலம்பியா ஆற்றுப் படுகையில் அழியும் ஆபத்துள்ள இனமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. ஓடை நீர் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அது அந்த இடத்தில் அரிதாகிவிடும். இலையுதிர் காலத்தில் கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிடும். அந்த முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்க வேண்டும். மாடுகள் கரையை மிதித்துச் சரித்தால் வண்டல் இறங்கிக் கற்களின் இடுக்கை அடைத்துவிடும். முட்டைக்கு மூச்சுக்காற்று கிடைக்காது. கரையோர வில்லோ மரங்கள் போனால் நிழல் போய்த் தண்ணீர் சுடும்.

எனவே கரையோரம் வேலி போடுவது, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியை மேட்டில் வைப்பது, நேராக வெட்டப்பட்ட ஓடையை மீண்டும் வளைந்தோட விடுவது என்று நிலத்தில் இறங்கிச் செய்யும் வேலைகள்தாம் மீனைக் கொண்டுவருகின்றன. இவற்றுக்கு 1987இல் தொடங்கிய 'மீன் மற்றும் காட்டுயிர்க்கான பங்காளிகள்' திட்டத்தின் வழியே அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்த் துறை பணமும் தொழில்நுட்ப உதவியும் தருகிறது. இதற்கு நிரந்தரப் பத்திரம் தேவையில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தமே போதும். தயங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தத் திட்டத்தைத்தான்.

பலர் கவனிக்காத இடம் பாசன வாய்க்காலின் தலைப்பு, அதாவது ஆற்றுநீர் வாய்க்காலுக்குள் நுழையும் வாய். கோடையில் கீழ்நோக்கி நீந்தும் விரல் நீளக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வாய்க்காலுக்குள் போய், கடைசியில் புல்வெளியில் செத்துக் கிடக்கும். தலைப்பில் நுண்ணிய கண்ணிகளுள்ள சல்லடையைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு குழாயையும் வைத்துவிட்டால், தண்ணீர் வயலுக்குப் போகும், குஞ்சு குழாய் வழியே ஆற்றுக்குத் திரும்பும். ஆனால் இலையும் பாசியும் அடைத்துக்கொள்ளும் சல்லடையைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும். பண்ணையாளர் மனம் ஒப்பினால்தான் அது நடக்கும்.

கேள்வி: மழை பொய்த்த ஆண்டில் பயிருக்கும் மீனுக்கும் சண்டை வராதா?

பதில்: வந்திருக்கிறது. ஆற்றில் நீரோட்டத்தைக் காக்க மாநில மீன்துறைக்கு 1971ஆம் ஆண்டு முன்னுரிமையுள்ள நீர் உரிமை இருக்கிறது; முந்தைய உரிமைக்கே முதலில் தண்ணீர் என்பதால், அதற்குப் பின் உரிமை பெற்ற விவசாயிகளின் தண்ணீரை அத்துறை நிறுத்தச் சொல்லலாம். இதற்கு மாற்றாக ஒரு வறட்சித் திட்டம் உருவானது: பானர் அளவீட்டு நிலையத்தில் ஓட்டம் விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே போனால், விவசாயிகளும் தூண்டிலாளர்களும் அவரவர் பங்குக்கு விட்டுக் கொடுப்பார்கள். அப்படிப் பங்கெடுப்பவரின் தண்ணீரில் துறை கை வைப்பதில்லை.

கேள்வி: கரடிகளோடு எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்?

பதில்: கன்று ஈனும் பருவத்தில் இறந்துபோகும் கன்றுகளைப் பண்ணையின் ஒரு மூலையில் கொட்டுவது பழைய வழக்கம், அந்த நாற்றம் கிரிஸ்லி கரடியை நேரே தொழுவத்துக்கு அழைத்து வந்தது. இப்போது வண்டி ஒன்று வந்து உடல்களை எடுத்துச் சென்று, மரச்சில்லுகளோடு சேர்த்து மக்க வைக்கிறது. கன்று ஈனும் இடத்தைச் சுற்றி மின்வேலியும் போடுகிறார்கள். இந்த ஏற்பாடுகளுக்குப் பின் மோதல்கள் வெகுவாகக் குறைந்தன.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் ஓர் ஏரியை ஒட்டிப் பத்து ஏக்கர் இருக்கிறது, ஐயா. இதே போன்ற பத்திரத்தை நாங்கள் எழுத முடியுமா?

பதில்: இதே வடிவில் முடியாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் (ஈஸ்மென்ட்) சட்டப்படி, ஒரு நிலத்தின் மேல் பாத்தியதை பெறுபவருக்கு அதனால் பயனடையும் வேறொரு நிலம் இருந்தாக வேண்டும். சொந்த நிலமில்லாத அறக்கட்டளை அதைப் பெற இயலாது. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான அமெரிக்கப் பொதுச் சட்டத்திலும் இதே தடை இருந்தது. மாநிலங்கள் தனிச் சட்டங்கள் இயற்றியே அதை நீக்கின. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 36சி பிரிவு. ஒரு சமூகமோ தனிநபரோ தாமாக முன்வந்தால், அவர்களுடைய நிலத்தை மாநில அரசு 'சமுதாயக் காப்பகம்' என்று அறிவிக்கலாம். அறிவித்தபின் நிலப் பயன்பாட்டை மாற்ற மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன், கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாவட்ட வன அலுவலரை நேரில் சந்தித்துப் பேசுங்கள்.