லேப்டாப் கேள்வி பதில்: ஸ்டிக்கரை விடுங்கள், திரையைப் பாருங்கள்

மதுரையில் 14 வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். டிசைன், வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேம், பட்ஜெட் 50,000 முதல் 75,000 வரை. இந்த வட்டத்துக்குள் கேளுங்கள். நான் லேப்டாப் விற்பதில்லை. நீங்கள் எந்தக் கம்பெனி வாங்கினாலும் கடைசியில் ரிப்பேருக்கு என்னைப் போல ஒருவனிடம்தான் வரப் போகிறது.

கேள்வி (பிரஸ் டிசைனர், சிவகாசி): கோரல் டிரா, ஃபோட்டோஷாப் இரண்டும்தான் என் பிழைப்பு. காலண்டர், லேபிள், பத்திரிகை வேலை. 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். கையில் 55,000 இருக்கிறது.

பதில்: அவரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைச் சொல்லியிருக்கிறார். கோரல் டிராவில் தனி கார்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. ஃபோட்டோஷாப்பில் சில ஃபில்டர்கள் கார்டைத் தேடும், ஆனால் ப்ராசஸருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸ் உங்கள் வேலைக்குப் போதும். கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை 16 ஜிபி ரேமிலும் திரையிலும் போடுங்கள்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். விவரக் குறிப்பில் கீழே பொடி எழுத்தில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-ல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த வண்ண அளவு. அதில் 45 என்றால், நாம் வேலை செய்யும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழேதான். '72% என்டிஎஸ்சி' அல்லது '100% எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. அப்படியொரு மங்கல் திரையில் ஒரு கல்யாண ஆல்பம் செய்தேன். பொண்ணு கட்டியிருந்தது அரக்குப் பட்டு. திரையில் அது செங்கல் நிறத்தில் தெரிந்தது. நிறத்தை ஏற்றினேன், போதவில்லை, இன்னும் ஏற்றினேன். பிரிண்ட் வந்தபோது பொண்ணு, மாப்பிள்ளை, பந்தக்கால் எல்லாமே குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன. 40 பக்கத்தையும் என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

நல்ல திரையுள்ள மாடல் பட்ஜெட்டில் சிக்கவில்லை என்றால், சாதாரண லேப்டாப்போடு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை) ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். பிரஸ்ஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதுதான் சௌகரியமும்கூட.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, 50,000-க்குள் பெஸ்ட் லேப்டாப் எது?

பதில்: எந்த வேலைக்குத் தம்பி?

கேள்வி (பி.ஆர்க். முதலாண்டு, திருச்சி): கட்டட வரைபட மென்பொருள்கள்தான் ஓட வேண்டும்: ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், அடுத்த வருடம் ரெவிட், லூமியான். ஐந்து வருடம் தாங்க வேண்டும். மேக்புக் வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார். 75,000 வரை தருவார்.

பதில்: அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லும்மா: ரெவிட் மேக்கில் ஓடாது, 3டிஎஸ் மேக்ஸும் ஓடாது. விண்டோஸ்தான். ஆட்டோகேட்டில் 2டி வரைவதற்கு எந்த ஐ5-ம் போதும். ஆனால் லூமியானில் ரெண்டர் எடுக்கத் தனி கார்டு கட்டாயம். இங்கே நான் கார்டுக்குச் செலவு செய்யச் சொல்வேன்: 6 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4050 கிடைத்தால் அது, இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை. 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபி, 6 ஜிபி இரண்டும் விற்கிறார்கள், பில் போடும் முன் பார்த்துக்கொள். ரேமுக்கு ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்றும் கேள். ஒட்டியிருந்தால் மூன்றாம் ஆண்டில் என்னாலும் ஏற்றித் தர முடியாது. ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம், ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொள்ளலாம். கிராக் பக்கம் போகாதே.

கேள்வி (ஃப்ரீலான்ஸர், சேலம்): ரைசன் 5 7520யு ப்ராசஸர் உள்ள லேப்டாப் பார்த்தேன். 7000 வரிசை என்பதால் புதுசுதானே?

பதில்: பெயர்தான் புதுசு. அந்த வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, 2019-ல் வந்த வடிவமைப்பு. 7535எச்எஸ்ஸில் 3, 7640எச்எஸ்ஸில் 4. மெயில் பார்க்க, டைப் அடிக்க 7520யு நல்ல சாமான். எடிட்டிங்குக்கு வேண்டாம்.

கேள்வி (யூடியூபர், நெல்லை): 8 ஜிபி ரேம் ஒன்று போட்டு வருகிறது. தனி கார்டு இல்லை. பிறகு ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: பிறகு வேண்டாம், முதல் நாளே இன்னொரு 8 போடுங்கள். உள்கட்டிய கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. ஒற்றை ரேமில் அதற்குப் போகும் பாதை பாதி. இன்டெல் ஐ5 1235யு போன்ற ப்ராசஸர்களில் நீங்களே பார்க்கலாம்: ஒரு ரேம் இருந்தால் 'யுஎச்டி' என்று காட்டும், ஜோடி போட்டால் அதே சிப் வேகம் கூடி 'ஐரிஸ் எக்ஸ்இ' ஆகிவிடும்.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): பெஸ்ட் லேப்டாப் அண்டர் 60,000?

பதில்: கோவைத் தம்பியைக் கேட்டதுதான். என்ன வேலைக்கு?

கேள்வி (ஸ்டூடியோ உரிமையாளர், தேனி): நீங்கள் கார்டு வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரையும் குழப்புகிறீர்கள். நான் கல்யாண வீடியோவை எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறேன். கார்டு இல்லாத மெஷினில் எடிட்டிங் என்பது மாடு இல்லாத ஏர்.

பதில்: கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்கிறேன். அதிலும் எடியஸுக்கா இப்படிச் சொல்கிறீர்கள்? அது காலம்காலமாக ப்ராசஸரை நம்பி ஓடும் மென்பொருள். எச்.264 முறையில் சுருக்கி வைத்த வீடியோ ஃபைலை விரிப்பது, கடைசியில் எக்ஸ்போர்ட் எடுப்பது இரண்டுக்கும் அது தேடுவது இன்டெல் சிப்பின் கிராபிக்ஸுக்குள் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி. எந்தக் கேமரா வைத்திருக்கிறீர்கள்?

தேனி: சோனி ஏ7 4. லேப்டாப் ஐ7, ஆர்டிஎக்ஸ் 3060. பிரீமியர் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளிலும் செய்வேன். இரண்டிலுமே டைம்லைன் திக்குகிறது. இன்னும் பெரிய கார்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கேமராவில் 10-பிட் 4:2:2 எச்.265 (நிற விவரம் கூடுதலாக உள்ள, இன்னும் இறுக்கிச் சுருக்கிய ஃபைல்) எடுக்கிறீர்களா? என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகள் எதற்கும் அந்த ஃபைலை விரிக்கத் தெரியாது. 2025-ல் வந்த 50 வரிசையில்தான் அது வந்தது. ஆனால் இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்தே குயிக் சிங்க் அதைச் செய்கிறது. உங்கள் ஐ7 எந்தத் தலைமுறை?

தேனி: 12. அப்படியானால் ஏன் திக்குகிறது? இங்கேதான் உங்கள் கதை இடிக்கிறது.

பதில்: வீட்டில் பையன் கேம் ஆடுவானா?

தேனி: ஆடுவான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: லேப்டாப்போடு வந்த கண்ட்ரோல் மென்பொருளைத் திறந்து கிராபிக்ஸ் மோடைப் பாருங்கள். கேமில் வேகம் கூடட்டும் என்று 'டிஸ்கிரீட்', அதாவது தனி கார்டு மட்டும் என்று மாற்றியிருப்பான். அந்த மோடில் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்துவிடும், கூடவே குயிக் சிங்க்கும். ஹைப்ரிட், அதாவது இரண்டும் சேர்ந்து ஓடும் மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு): வேலோரன்ட், ஜிடிஏ 5 ஆடணும். கொஞ்சம் எடிட்டிங். இரண்டு மாடலிலும் 3050-தான், ஒன்று 6,000 ரூபாய் கம்மி. கம்மி விலையை எடுக்கலாமா?

பதில்: இரண்டிலும் கார்டு எத்தனை வாட் என்று பார். 3050-ஐ 35 வாட்டிலும் ஓட்டுவார்கள், 80 வாட்டிலும் ஓட்டுவார்கள். ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் வேறு. நீ சொல்லும் இரண்டு கேமுக்கும் எது வாங்கினாலும் ஓடும். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்ததே 2015-ல். சார்ஜர் செருகித்தான் ஆட வேண்டும், பேட்டரியில் வேகம் பாதியாகிவிடும். தலையணை, மெத்தை மேல் வைத்து ஆடாதே. எனக்கு வரும் ரிப்பேரில் பாதி, காற்றுத் துவாரத்தை மெத்தை அடைத்ததால்தான்.

கேள்வி (குறும்பட இயக்குநர், புதுச்சேரி): பழைய மேக்புக் ஏர் எம்1, 8 ஜிபி. ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருள் ஓடுமா?

பதில்: 1080பி-யில் வெட்டி ஒட்ட நன்றாகவே ஓடும், திரையும் அருமை. 4கே-யில் கலர் நோட்களை (ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும் நிறத் திருத்தங்களை) அடுக்க ஆரம்பித்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். ரேமை ஏற்றவும் வழியில்லை.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): 55,000-க்கு நல்ல லேப்டாப் சொல்லுங்கள் சார்.

பதில்: எந்த வேலைக்கு என்று எழுதாத கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை. மேடம், உங்களை மட்டும் சொல்லவில்லை, மூன்றாவது ஆள் நீங்கள்.

தேனி: மாற்றினேன். பிரீமியரில் வெண்ணெய் மாதிரி போகிறது. எடியஸ் எக்ஸ்போர்ட்டும் பாதி நேரத்தில் முடிந்தது. பையன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று: காசு கொடுத்து வாங்கும் ரிசால்வ் ஸ்டூடியோவில் மண்டபத்து இருட்டு ஷாட்டில் விழும் புள்ளிகளை, அதாவது நாய்ஸை எடுக்க கார்டு வேண்டும்தானே?

பதில்: வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் 3060 உழைக்கும். இலவச ரிசால்வில் நாய்ஸ் எடுக்கும் வசதியே இல்லை என்பதையும் மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு அந்த மோடை மாற்றவும் திருப்பவும் கற்றுக்கொடுத்துவிடுங்கள். நான் ஷட்டரைத் தூக்க வேண்டும், வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.