நூற்று எழுபது வீடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். சென்னையில் பதினொரு வருஷம் மென்பொருள் வேலை பார்த்தேன். போன வருஷம் ஆள்குறைப்பில் வேலை போயிற்று. கைக்கு வந்தது ஏழு லட்சம். அப்பாவுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. பழைய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயாவின் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, இனி பாரம்பரிய நெல்தான் என் வேலை என்று ஊருக்கே வந்துவிட்டேன். வேலையை இழந்ததிலிருந்து வயலில் இறங்கியதுவரை என் கதையை இன்ஸ்டாகிராமில் சொல்லிவருகிறேன். 11,000 பேர் பின்தொடர்கிறார்கள்.

தையில் மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் அறுத்து, மொத்தமாக அரைத்து விற்கத் தொடங்கினேன். முதல் மாதம் 130 கிலோ போயிற்று. அடுத்த மாதம் 20 கிலோதான். இன்னும் 400 கிலோ அரிசி வீட்டில் கிடக்கிறது, வண்டு விழ ஆரம்பித்துவிட்டது. அப்பா என்னோடு பேசுவதில்லை. மனைவி இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்கிறார். மனம் தளராமல் இருப்பது எப்படி? என் கதையை இன்னும் நன்றாகச் சொல்வது எப்படி? எனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது எப்படி?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்த 400 கிலோவைப் பார்ப்போம், அது காத்திருக்காது. வெயிலில் கொட்டிக் காயவைக்காதீர்கள், அரிசி வெடித்துக் குருணையாகிவிடும். நிழலில் பரப்பி, சலித்து, புடைத்து, நல்லதைத் தனியே எடுங்கள். எடுத்ததைச் சிறு பங்காகப் பிரித்து வறுத்து, கஞ்சி மாவாக அரைத்து, விலையைக் குறைத்து உடனே விற்றுவிடுங்கள். துளை விழுந்தது கோழிக்கும் மாட்டுக்கும் போகட்டும். தவிடு போகாத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை வரும், வண்டும் வரும். அதனால் இருப்பு எப்போதும் நெல்லாகவே இருக்க வேண்டும். மாதத்துக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் மில்லுக்குப் போகவேண்டும். மில்லிலும் உங்களுக்கு முன்னால் யாருடைய நெல் ஓடியது என்று கேளுங்கள். வெள்ளை நெல் ஓடிய மெஷினில் உங்கள் சிவப்பு நெல்லைக் கொட்டினால் முதல் பத்துக் கிலோ கலந்துதான் வரும். அதைப் பையில் போடாதீர்கள்.

130 கிலோ 20 ஆனதற்குக் காரணத்தை உங்கள் கதையில் தேட வேண்டியதில்லை, வாங்கியவர்கள் வீட்டுக் குக்கரில் தேடுங்கள். மாப்பிள்ளை சம்பாவை இரவே ஊறவைத்து, வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் விட்டு, நிதானமாக வேகவைக்க வேண்டும். கருப்பு கவுனிக்கும் அப்படியே. நகரத்து வீட்டில் அரை மணி ஊறவைத்து மூன்று விசில் விட்டிருப்பார்கள். சோறு கடக்குமுடக்கென்று இருந்திருக்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளியிருப்பார்கள். ஒருவரும் உங்களுக்குப் போன் செய்து திட்டியிருக்கமாட்டார்கள், பேசாமல் பழைய கடைக்குத் திரும்பியிருப்பார்கள். பாரம்பரிய அரிசியில் பழக்கமில்லாத வீட்டுக்கு முதலில் தரவேண்டியது தூயமல்லி அல்லது கிச்சிலி சம்பா. வெள்ளை அரிசி, தினச் சோற்றுக்குப் பொருந்தும். சிவப்பும் கருப்பும் கஞ்சிக்கு, இட்லிக்கு, புட்டுக்கு என்று ஒரு கிலோ பையில் பின்னால் போகட்டும். வரும் சம்பா போகத்தில் ஆறு மாவில் நாலு மா வெள்ளை ரகமாக இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

இனி கணக்கு. எண்களை நான் தோராயமாக எடுத்துக்கொள்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 20, அதாவது 1,200 கிலோ. இரண்டு ஏக்கருக்கு 2,400. விதைக்கு 100 கிலோ எடுத்துவைத்தால் மீதி 2,300 கிலோவில் 62 விழுக்காடு அரிசி, ஏறக்குறைய 1,430 கிலோ. கிலோ 80 ரூபாய்க்குக் கடைசி மணிவரை விற்றாலும் 1,14,000 ரூபாய். சாகுபடிச் செலவு ஏக்கருக்கு 30,000. அரவை, பை, வண்டிக்கூலிக்கு ஒரு பத்தாயிரம். கையில் நிற்பது 44,000. மாதத்துக்கு நாலாயிரம்கூட இல்லை! அப்பா பேசாமலிருப்பதற்கு இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாதம் 25,000 வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து நெல்லையும் வாங்கி அரைத்து விற்கத்தான் வேண்டும். எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு 15 ரூபாய் நின்றால் மாதம் ஏறக்குறைய 1,670 கிலோ அரிசி. ஒரு வீட்டுக்கு மாதம் 10 கிலோ என்றால் நூற்று எழுபது வீடுகள். அவ்வளவு அரிசிக்கு வருஷத்துக்கு 32 டன் நெல், அதாவது 27 ஏக்கர். நீங்கள் தேடும் கூட்டம் இதுதான்: ஒரு பக்கம் நூற்று எழுபது அடுப்புகள், இன்னொரு பக்கம் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள். 11,000 பேர் இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களில் மாதம் தவறாமல் பத்துக் கிலோ வாங்குபவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இனி நீங்கள் பார்க்கவேண்டிய எண் அது ஒன்றுதான்.

முதல் வருஷம் நூற்று எழுபதுக்குப் போகாதீர்கள். நாற்பது வீடு போதும். அதற்கு 4,800 கிலோ அரிசி, ஆறரை ஏக்கர் நெல். உங்கள் இரண்டு ஏக்கர் போக, பக்கத்தில் இரண்டு பேரிடம் நாலரை ஏக்கர். இந்த அளவில், சொந்த நிலத்தில் நிற்கும் 44,000-ஐயும் சேர்த்து, மாதம் எட்டாயிரம்தான் நிற்கும், தெரிந்தே செய்யுங்கள். பெரிதாக ஆரம்பித்தவர்கள் விழும் இடம் பணம் தரும் தேதி. கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக்கு வந்துவிடும், வியாபாரி களத்திலேயே எண்ணித் தருவார். நீங்கள் ‘விற்றதும் தருகிறேன்’ என்றால் பக்கத்து வயல்காரர் ஒருமுறை உங்களுக்காகத் தருவார், மறுமுறை தரமாட்டார். பாதியை அறுவடை அன்றே கொடுங்கள். மீதியை எந்த மாதம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அறுவடை அன்று தரும் பாதிக்கு வீடுகளிடம் முன்பணம் கேட்கலாம். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் தரத் தயங்குபவர் மாதாமாதம் வாங்கப்போகிறவர் அல்லர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் பி.ஜி.எஸ். என்ற இயற்கை விவசாயச் சான்று முறையில் குழுவாகப் பதிவு செய்யலாம். ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்லும் ஏற்பாடு அது, தனிச் சான்றிதழ் வாங்கும் செலவு இல்லை. முழு இயற்கைச் சான்று கிடைக்க ஓராண்டுப் பயிர்களுக்கு 24 மாதம் ஆகும். அதுவரை மாறிவரும் நிலம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெயராமனைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் பேச்சைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அவருடைய பேரேட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை தருவார்கள். மறுவருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தபோது மீட்டிருந்தது 174 ரகங்கள். இரண்டு கிலோ குறைவான அளவுபோலத் தெரியும், ஆனால் ஒற்றை நாற்று நடவில் ஒரு ஏக்கருக்கு 2, 3 கிலோ விதையே போதும். திருப்பித் தரவேண்டும் என்பதால் வாங்கியவர் அதை வேகவைத்துத் தின்றுவிட முடியாது, நட்டே ஆகவேண்டும். மறுவருஷம் வந்தே ஆகவேண்டும். வந்தால் அங்கே இன்னொரு விவசாயியைப் பார்ப்பார். கூட்டம் சேர்ந்தது அப்படித்தான். நீங்களும் மூன்று பேருக்கு இரண்டிரண்டு கிலோவோடு ஆரம்பிக்கலாம். சட்டத்தில் தடையில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் சொந்த விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் அச்சிட்ட பையில் விதையாக விற்பதைத்தான் தடுக்கிறது.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது கலவனால். திருப்பி வரும் நாலு கிலோவில் வேறு ரகம் கலந்திருந்தால், மூன்றாம் வருஷம் உங்களிடம் தூயமல்லி என்ற பெயர்தான் மிஞ்சும். விதைக்கு விட்ட பாத்திக்கும் அடுத்த ரகத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும்போது ஒருமுறை, பால் பிடித்தபின் ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை வயலில் இறங்கி, உயரமோ கதிரின் நிறமோ மாறித் தெரிவதைப் பிடுங்குங்கள். போன போகத்தில் கொட்டிய நெல் தானாக முளைத்திருந்தால் அதையும் சேர்த்து. விதைக்கானதை இயந்திரத்தில் அறுக்கவே வேண்டாம், முந்தைய வயல் நெல் அதன் வயிற்றில் இருக்கும். ஈரம் 13 விழுக்காட்டுக்குக் காய்ந்ததும் கட்டுங்கள். கொடுப்பதற்கு முன் நூறு நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி முளைக்கவிடுங்கள். எண்பது முளைக்கவில்லை என்றால் அந்த விதையை யாருக்கும் தராதீர்கள்.

இப்போது கதை. உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கில் வேலை போன நாள் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஹார்வர்டில் பாடம் நடத்தப் போன மார்ஷல் கான்ஸ், மக்களைத் திரட்டும் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறார்: நான், நாம், இப்போது. நான் ஏன் இதில் இறங்கினேன், நமக்குப் பொதுவாக இருப்பது என்ன, இப்போது நாம் செய்யவேண்டியது என்ன. நீங்கள் முதல் பகுதியிலேயே ஒரு வருஷமாக நிற்கிறீர்கள். இழப்பும் துணிச்சலும் பார்ப்பவரை இதயக்குறி போடவைக்கும், அதன்பின் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. சொல்லும் ஒவ்வொன்றிலும் ‘நான்’ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியில் சரிபார்க்கக்கூடிய செய்தி இருக்கட்டும். பைக்குள் ஒரு சீட்டு போதும், இப்படி:

‘தூயமல்லி. நாற்று விட்டது ஆவணி 20, அறுத்தது தை 12. கார்த்திகை மழையில் கால் பங்கு சாய்ந்தது, சாய்ந்ததைத் தனியே அறுத்தோம், இந்தப் பையில் அது இல்லை. அரைத்தது சித்திரை 3, ஒருமுறை மட்டும் தீட்டியது. அரை மணி ஊறவையுங்கள். மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள். வண்டு வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். கிலோ 80 ரூபாயில் நெல் விளைவித்தவருக்கு இவ்வளவு, அரவைக்கு இவ்வளவு, எங்களுக்கு 15.’

சாய்ந்ததைச் சொன்னால் வாங்கமாட்டார்களே என்று தோன்றும். வாங்குவார்கள். அடுத்த வருஷம் மழை பெய்யும்போது ‘பயிர் எப்படி இருக்கிறது’ என்று அவர்களே கேட்பார்கள். ஆனால் சர்க்கரை குணமாகும், புற்றுநோய் வராது என்று பையிலோ வீடியோவிலோ ஒரு வரிகூட வேண்டாம். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஒருவர் உங்கள் நாற்பது வீட்டுக்குள்ளேயே இருப்பார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள், சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்தான்.

மனம் தளராமல் இருப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் சூத்திரம் இல்லை. மனம் தளர்வது பெரும்பாலும் பணம் எப்போது தீரும் என்று தெரியாததால். ஏழு லட்சத்தில் மிஞ்சியிருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்: வீட்டுச் செலவு, ஒரு சம்பா சாகுபடி, அடுத்த சம்பாவரை தொடக்கூடாதது. டிராக்டர், சொந்த அரவை மெஷின், கடை வாடகை எதுவும் இப்போது வேண்டாம். நடவுக்கும் அறுப்புக்கும்தான் நீங்கள் முழுநேரமும் ஊரில் தேவை. இடையில் நடவிலிருந்து நாற்பது நாளுக்குள் களையெடுப்பு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வாரம் மூன்று நாள் பழைய தொழிலில் ஒப்பந்த வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முழுநேர விவசாயி என்று சொல்லிக்கொள்வதில் உள்ள பெருமைக்கு மாதம் பதினைந்தாயிரம் விலை கொடுக்க வேண்டியதில்லை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுங்கள், பிரீமியம் 1.5 விழுக்காடு, கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சிட்டாவும் அடங்கலும் அப்பா பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும். ஆனால் இழப்பீடு கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்து வருவது. உங்கள் உயரமான ரகம் மட்டும் சாய்ந்து, சுற்றியுள்ள குட்டை ரகங்கள் நின்றால் ஒன்றும் வராது. காப்பீட்டை நம்பி உரத்தைக் கூட்டாதீர்கள். பாரம்பரிய நெல்லில் தழைச்சத்து கூடினால் சாய்வதுதான் முதலில் நடக்கும்.

மனைவி ஒரு வருஷம் என்று சொன்னதை ஒரு தேதியாக எழுதிவையுங்கள். வரும் சம்பா அரிசி போகத் தொடங்கி நாலாவது மாதம் என்று வையுங்கள். அன்றைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வாங்கிய வீடுகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் அடுத்த வருஷம் எண்பதுக்குப் போங்கள், அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேரைச் சேருங்கள். குறைவாக இருந்தால் வேலைக்குப் போங்கள், ஒரு ஏக்கரை விதைக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விதை கொடுத்த மூன்று பேரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியை உங்கள் அப்பாவிடமும் சொல்லலாம். சொல்லும்போது, எந்தப் பாத்தி விதைக்கு நல்லது என்று அவரையே கேளுங்கள்.